டெலிவரி ஹெட்டின் அடாவடி: எதை எழுதி வைப்பது, எங்கே புகார் கொடுப்பது, விசா என்ன ஆகும்?

மிட்ராண்ட்வாசி கேட்டது:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் மென்பொருள் வேலையில் இருக்கும் அண்ணன்மார், அக்காமாருக்கு ஒரு கேள்வி. கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எட்டுப் பேர் அணி. பாதிப் பேர் உள்ளூர்க்காரர்கள், பாதிப் பேர் சென்னை, கோவையிலிருந்து வந்தவர்கள். மேலே ஒரு டெலிவரி ஹெட், வாடிக்கையாளருக்கு வேலையை முடித்துக் கொடுக்கும் பொறுப்பாளர். அவர் வேலை வாங்கும் விதம் இது: அணி 13 நாள் ஆகும் என்று கணக்குக் கொடுத்த வேலையை, வாடிக்கையாளர் கூட்டத்திலேயே "5 நாளில் முடித்துவிடுவார்கள்" என்று சொல்லிவிடுவார். ஸ்பிரின்ட் (இரண்டு வார வேலைச் சுற்று) நடுவில் புது வேலை வாட்ஸ்அப் குரல் பதிவாக வரும், ஜிராவில் (வேலைகளைப் பதியும் மென்பொருள்) ஏறாது. புரொடக்‌ஷன் (வாடிக்கையாளர் பயன்படுத்தும் நேரடி அமைப்பு) விழுந்தால் முதல் கேள்வியே "யாருடைய கமிட்?", அதாவது யார் சேர்த்த கோட் மாற்றம் என்பதுதான். கோட் ரிவ்யூ என்ற பெயரில் முப்பது பேர் இருக்கும் சேனலில் ஏளனம். ஒப்புக்கொண்ட விடுப்பை முந்தின நாள் வாயால் ரத்து செய்வது. சென்னை அணியோடு பேசக் காலை 5:30க்கு அழைப்பு. இவை எல்லோருக்கும் பொது. இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு: "உங்கள் விசா யார் பெயரில் இருக்கிறது என்று ஞாபகம் இருக்கட்டும்."

ஹெச்.ஆர். "எழுத்தில் கொடுங்கள், பார்க்கலாம்" என்கிறது. இரண்டு பேர் ராஜினாமாக் கடிதத்தைத் தயாராகவே வைத்திருக்கிறார்கள். எந்த வரிசையில் எதைச் செய்வது? எதை எழுதி வைத்தால் நாளைக்கு நிற்கும்? கூடுதல் நேரத்துக்குப் பணம் கேட்க முடியுமா? சி.சி.எம்.ஏ. (வேலைத் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையம்) போவதென்றால் எப்போது போவது? "பொறுத்துப் போங்கள்" என்ற அறிவுரை ஏற்கெனவே நிறைய வந்துவிட்டது, அது வேண்டாம்.

---

கம்பிவலை:

ராஜினாமாக் கடிதத்தை அனுப்ப வேண்டாம் என்று அந்த இரண்டு பேரிடமும் இன்றைக்கே சொல்லுங்கள். ஏன் என்று சட்டம் தெரிந்தவர்கள் கீழே எழுதுவார்கள். பதிவுகளைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். பெரும்பாலான புகார்கள் தோற்பது இந்த இடத்தில்தான்.

ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தாள் கழற்ற முடியாதது, பக்க எண் போட்டது. கம்பெனி லேப்டாப்பில், கம்பெனி ஒன்ட்ரைவில் எழுதாதீர்கள். வேலையை விட்ட அன்றைக்கே, சில இடங்களில் அதே மணி நேரத்திலேயே, உங்கள் கணக்கை மூடிவிடுவார்கள். ஒவ்வொரு நிகழ்வுக்கும் தேதி, நேரம், எந்தக் கூட்டம், யார் யார் இருந்தார்கள், அவர் சொன்ன வார்த்தை அப்படியே, அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள், எந்த ஜிரா எண் என்று அன்றைக்கே எழுதுங்கள். ஆங்கிலத்தில் சொன்னதை ஆங்கிலத்திலேயே எழுதுங்கள், தமிழில் சொன்னதைத் தமிழிலேயே. "கொடுமைப்படுத்தினார்", "அகங்காரமாகப் பேசினார்" போன்ற சொற்கள் வேண்டாம். விசாரிப்பவருக்கு அதில் பிடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. "14:20, டீம்ஸ் கூட்டம், ஒன்பது பேர், 'இந்த வேலையை ஒரு பள்ளிப் பையன் செய்வான்' என்றார்" என்று எழுதினால் அந்த ஒன்பது பேரையும் கேட்டுப் பார்க்கலாம்.

அடுத்து, வாயால் வருவதை எழுத்துக்குக் கொண்டுவருவது. குரல் பதிவில் வேலை வந்தால் அரை மணி நேரத்துக்குள் நீங்களே ஜிராவில் டிக்கெட் திறந்து, அவரை அதில் குறிப்பிட்டு, இந்த மாதிரி எழுதுங்கள்: "இன்று 11:05க்கு நீங்கள் சொன்னபடி இதை இந்த ஸ்பிரின்டில் எடுக்கிறோம். இதற்கு 4 நாள். இதற்காக எதை வெளியே எடுக்கட்டும்? 15:00க்குள் பதில் இல்லையென்றால் கட்டண அறிக்கை வேலையைத் தள்ளிவைக்கிறேன்." குரலில் கோபம் இருக்கக் கூடாது. பதில் வராவிட்டாலும் உங்கள் கேள்வி அங்கே நிற்கும். விடுப்பை வாயால் ரத்து செய்தால் அதற்கும் இதே மின்னஞ்சல்தான்: "முந்தைய ஒப்புதல் இந்தத் தேதியில் வந்தது, ரத்துக்கான காரணத்தை எழுத்தில் தரவும்."

பலருக்குத் தெரியாத ஒன்று: ஜிராவில் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஹிஸ்டரி தாவல் இருக்கிறது. கெடு தேதியை யார் மாற்றினார், மதிப்பீட்டை 13லிருந்து 5 ஆக்கியது யார், எப்போது என்று எல்லாம் அதில் இருக்கும். தினமும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குவிக்க வேண்டியதில்லை. டிக்கெட் எண்ணும் நேரமும் நோட்டில் இருந்தால் போதும், பின்னால் "இந்த எண்ணின் வரலாற்றைத் தாருங்கள்" என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். ஸ்லாக், டீம்ஸ் அரட்டை அப்படியல்ல. குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு தானாக அழியும்படி நிர்வாகம் அமைத்திருக்கலாம், ஆகவே உங்களை நோக்கி எழுதப்பட்ட வரிகளை மட்டும் தேதியோடு படமெடுத்து வைப்பது நல்லது.

இங்கேதான் ஆட்கள் சறுக்குவார்கள். கோபத்தில் அலுவலக மின்னஞ்சல் பெட்டி முழுவதையும் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடுவார்கள். அதில் வாடிக்கையாளர் பெயர், லாக், சோர்ஸ் கோட், பிறருடைய தனிவிவரம் எல்லாம் இருக்கும். போபியா சட்டமும் (தனிவிவரப் பாதுகாப்புச் சட்டம்) உங்கள் ரகசியக் காப்பு ஒப்பந்தமும் சேர்ந்து உங்கள் மேலேயே பாயும். புகார் கொடுத்தவர் அடுத்த வாரம் ஒழுங்கு விசாரணையில் உட்கார்ந்திருப்பார். எடுக்கத் தக்கவை உங்கள் ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், விடுப்பு ஒப்புதல்கள், உங்கள் பணி மதிப்பீட்டு அறிக்கைகள், உங்களுக்கு வந்த எச்சரிக்கைக் கடிதங்கள். சோர்ஸ் கோடும் வாடிக்கையாளர் தரவும் தொடவே கூடாதவை.

ஒலிப்பதிவு பற்றி எல்லோரும் கேட்பார்கள். இங்குள்ள ரிக்கா சட்டம் (2002ஆம் ஆண்டின் 70ஆம் எண்) உரையாடலில் நீங்களும் ஒருவர் என்றால் அதைப் பதிவு செய்ய விடுகிறது. நீங்கள் இல்லாத கூட்டத்தில் போனை வைத்துவிட்டு வருவது குற்றம். ஆனால் கம்பெனிக் கொள்கை பதிவைத் தடுத்திருந்தால் அதையே ஒரு குற்றச்சாட்டாக ஆக்க முடியும். ஒரு பதிவை விட, அந்த மாலையே அனுப்பிய "இன்று பேசியதன் சுருக்கம்" மின்னஞ்சல் பல மடங்கு பயன்படும் என்பது என் கருத்து.

---

முத்திரைத்தாள்:

மேலே சொன்னது எல்லாம் சரி. வரிசையை நான் சொல்கிறேன்.

எல்லா அடாவடியும் சட்டத்தின் ஒரே கதவுக்குள் போகாது. உங்கள் பட்டியலில் இரண்டு வகை கலந்திருக்கிறது, முதலில் பிரித்துவிடுங்கள்.

விசாவைச் சொல்லி மிரட்டுவது ஒரு வகை. 2022 மார்ச் 18 முதல் அமலில் இருக்கும் பணியிடத் துன்புறுத்தல் தடுப்பு நன்னடத்தை விதித்தொகுப்பும், 1998ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டமும் இதற்குப் பொருந்தக்கூடும். அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் இனம், நிறம், இனவழி அல்லது சமூகத் தோற்றம், மொழி, பண்பாடு, பிறப்பு என்று ஒரு பட்டியல் உண்டு. நாட்டுரிமை அதில் தனியாக இல்லை. அதனால் புகாரில் "நான் வெளிநாட்டுக்காரன் என்பதால்" என்று மட்டும் எழுதி நிறுத்தாமல், இந்திய வம்சாவளி, மொழி, பிறப்பிடம் என்று அந்தப் பட்டியலின் சொற்களோடு பொருத்தி எழுதுங்கள். இந்தியாவிலிருந்து வந்த நான்கு பேரிடம் மட்டும் சொன்னார், மற்ற நான்கு பேரிடம் சொல்லவில்லை என்பதே உங்கள் வலுவான சான்று.

எல்லோரையும் ஒரே மாதிரி கத்துவது, நடக்காத கெடு வைப்பது, பொதுவில் ஏளனம் செய்வது இன்னொரு வகை. விதித்தொகுப்பு இவற்றை வரிசையாகவே சொல்கிறது: இழிவுபடுத்துதல், வேலைக்குத் தேவையான தகவலை மறைத்தல், வேலையைக் கெடுத்தல், ஒதுக்கிவைத்தல், காரணமில்லாமல் ஒழுங்கு நடவடிக்கை, ராஜினாமா செய்யும்படி நெருக்குதல். படித்தால் நம் அலுவலகத்தைப் பார்த்து எழுதினார்களோ என்று தோன்றும். ஆனால் சமத்துவச் சட்டத்தின் கீழ் வழக்கு நிற்க, பட்டியலில் உள்ள ஒரு காரணத்தோடோ அதைப் போல மனித மாண்பைத் தொடும் வேறொரு காரணத்தோடோ அது இணைய வேண்டும். 2020இல் நாடாளுமன்ற ஊழியர்கள் தொடுத்த நாயுடு வழக்கில் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வரம்பைக் குறுக்கியே வைத்தது. எல்லோரையும் சமமாகத் திட்டுகிறவர் மேல் அந்தச் சட்டம் எளிதில் பாயாது. அதற்கு உள் முறையீடு, அதுவும் பலிக்காவிட்டால் 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் உறவுச் சட்டம்.

உள் முறையீட்டைத் தவிர்க்க முடியாது. சமத்துவச் சட்டத்தின் 60ஆம் பிரிவின்படி நடந்ததை உடனே நிறுவனத்தின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும், அதன் பிறகு நிறுவனம் ஒன்றும் செய்யாவிட்டால்தான் பொறுப்பு அதன் தலையில் விழும். முறையீட்டுக் கடிதம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்தக் கொள்கை மீறப்பட்டது, தேதியோடு ஐந்தாறு நிகழ்வுகள், சாட்சிகள், உங்களுக்கு என்ன தீர்வு வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். "நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் ஒரு "கவனத்தில் கொண்டோம்" வந்து நின்றுவிடும். "வேறு மேலாளருக்குக் கீழே மாற்றவும், விசா பற்றிய பேச்சை நிறுத்தும்படி எழுத்தில் அறிவுறுத்தவும், 10 வேலை நாளுக்குள் பதில் தரவும்" என்று எழுதுங்கள். அவரே உங்கள் நேரடி மேலாளர் என்பதால் அவருக்கு மேலே உள்ளவருக்கும் ஹெச்.ஆருக்கும் ஒரே மின்னஞ்சலில் போகட்டும். மூன்று நான்கு பேர் சேர்ந்து கொடுத்தால் நல்லது, ஆனால் ஒவ்வொருவர் நிகழ்வும் தனித்தனியாக இருக்கட்டும். ஒரே வாசகத்தில் நான்கு கடிதம் போனால் சதி என்பார்கள்.

இனி ராஜினாமா. வேலையில் தொடர முடியாதபடி முதலாளியே நிலைமையை ஆக்கி, அதனால் ஊழியர் விலகினால் அது பணிநீக்கமாகவே கருதப்படும். உறவுச் சட்டத்தின் 186(1)(e) இதைச் சொல்கிறது, பேச்சு வழக்கில் கன்ஸ்ட்ரக்டிவ் டிஸ்மிஸல். நிரூபிக்கும் சுமை முழுவதும் ஊழியர் மேல். தொடர்வது தாங்க முடியாததாக இருந்தது, அதை ஆக்கியது முதலாளிதான், விலகுவதைத் தவிர வேறு வழி மிச்சமில்லை என்று மூன்றையும் காட்ட வேண்டும். முறையீடே கொடுக்காமல் விலகியவரிடம் சி.சி.எம்.ஏ. ஆணையர் கேட்கும் முதல் கேள்வி "ஏன் கொடுக்கவில்லை?" என்பதுதான். கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக, இதுவரை தந்த வாய்ப்புக்கு நன்றி" என்று மரியாதைக்கு எழுதிவிட்டுப் பிறகு சி.சி.எம்.ஏ. போனால் அந்தக் கடிதத்தையே எடுத்து முன்னால் வைப்பார்கள். விலகுவதென்றால் காரணத்தை எழுதி விலகுங்கள்.

கெடுக்கள்: பணிநீக்க வழக்குக்கு 30 நாள். வேலையை விட்ட நாள், ஒப்பந்தம் முடிந்த நாள், இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து. காலண்டர் நாட்கள், சனி ஞாயிறு சேர்த்து. நியாயமற்ற பணி நடைமுறைக்கு (காரணமில்லாத எச்சரிக்கை, பதவி இறக்கம், இடைநீக்கம், சலுகை மறுப்பு) 90 நாள். சமத்துவச் சட்ட வழக்குக்கு 6 மாதம். 30 நாளில் கோட்டை விட்டால் கண்டொனேஷன் (தாமதத்தைப் பொறுக்கக் கோரும்) மனு போட்டுக் காரணம் காட்டிக் கெஞ்ச வேண்டும்.

தகராறைப் பதியும் படிவம் எல்.ஆர்.ஏ. 7.11. கட்டணம் கிடையாது. முதலில் நகலை முதலாளிக்கு அனுப்பி, அனுப்பிய சான்றோடு சி.சி.எம்.ஏ.வில் தாக்கல் செய்ய வேண்டும். 30 நாளுக்குள் சமரசப் பேச்சு நடக்கும், அதில் வழக்கறிஞருக்கு இடமில்லை. ஒத்துவராவிட்டால் சான்றிதழ் தருவார்கள், அதிலிருந்து 90 நாளுக்குள் 7.13 படிவத்தில் நடுவர் விசாரணை கேட்கலாம். வென்றால் இழப்பீடு அதிகபட்சம் 12 மாதச் சம்பளம். 12 என்பது உச்ச வரம்பு, வழக்கமாகக் கிடைக்கும் தொகை என்று நினைத்துக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

கூடுதல் நேரப் பணம்: அடிப்படைப் பணி நிபந்தனைச் சட்டப்படி வாரம் 45 மணி, அதற்கு மேல் ஒப்புக்கொண்டால் 10 மணி வரை, ஒன்றரை மடங்கு. ஆனால் ஆண்டு வருமானம் வரம்புக்கு மேல் போனால் இந்தப் பிரிவுகள் பொருந்தாது. 2025 ஏப்ரல் 1 அன்று அந்த வரம்பு 261,748.45 ராண்டாக, அதாவது மாதம் சுமார் 21,800 ஆக, வைக்கப்பட்டது. அரசு அவ்வப்போது அதை உயர்த்தும். மென்பொருள் ஆட்களில் பெரும்பாலோர் அதற்கு மேலேதான். ஆகவே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் பணம். ஆண்டு விடுப்பும் (தொடர்ச்சியாக 21 நாள், ஐந்து நாள் வாரக்காரருக்கு 15 வேலை நாள்) மருத்துவ விடுப்பும் (36 மாதச் சுழற்சிக்கு 30 நாள்) வரம்புக்கு மேலே உள்ளவர்களுக்கும் உண்டு. வேலை நேரத்தை உடல்நலம், பாதுகாப்பைக் கருதியே அமைக்க வேண்டும் என்ற 7ஆம் பிரிவும் அப்படியே. தினமும் வரும் 5:30 மணி அழைப்பை எதிர்க்க நான் அதைத்தான் கடிதத்தில் குறிப்பிடுவேன்.

---

உம்லாங்கா காற்று:

முத்திரைத்தாள் அண்ணா சொன்னது சட்டப்படி சரி. ஆனால் மாதக்கணக்கில் விசாரணை, ஒத்திவைப்பு, அதற்குள் மனசு கெட்டுப்போவது, இதையெல்லாம் கணக்கில் சேருங்கள். நல்ல டெவலப்பருக்கு இந்த ஊரில் வேறு வேலை கிடைக்கும். பதிவுகளை வைத்துக்கொள்ளட்டும், கூடவே இன்றைக்கே வேலை தேடட்டும். வழக்கு கையில் இருக்கும் துருப்பு, அதை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

போகும்போது பார்க்க வேண்டியவை. சட்டப்படி நோட்டீஸ் முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு வாரம், ஓராண்டுக்குள் இரண்டு வாரம், ஓராண்டு ஆன பின் நான்கு வாரம். ஒப்பந்தத்தில் கூடுதலாக இருக்கும், அதைப் பாருங்கள். எடுக்காத ஆண்டு விடுப்புக்குப் பணம் வர வேண்டும். பணிச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். விலகிய காரணத்தை நீங்கள் கேட்டால் மட்டுமே அதில் எழுத வேண்டும் என்பது 42ஆம் பிரிவு, கேட்காதபோது எழுதிக் கொடுத்தால் திருத்தச் சொல்லலாம். சும்மா ராஜினாமா செய்தால் யு.ஐ.எஃப். (வேலையிழப்புக் காப்பீட்டு நிதி) பணம் கிடையாது, அதையும் நினைவில் வையுங்கள்.

"போட்டிக் கம்பெனிக்கு 12 மாதம் போகக் கூடாது" என்ற விதியைக் காட்டி மிரட்டுவார்கள். 1984இல் வந்த மேக்னா அல்லாய்ஸ் தீர்ப்பிலிருந்து இத்தகைய கட்டுப்பாடு அடிப்படையில் செல்லும், நியாயமற்றது என்று காட்டினால் விழும். கம்பெனிக்குக் காப்பாற்ற வேண்டிய ரகசியமோ வாடிக்கையாளர் உறவோ உங்கள் கையில் இருந்ததா என்பதுதான் பார்க்கப்படும். சாதாரண பேக்கெண்ட் டெவலப்பர் ஒருவரை நிறுத்த அவசர வழக்குக்குச் செலவழிப்பார்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஆர்க்கிடெக்ட், ப்ரீசேல்ஸ் ஆட்கள் என்றால் கதை வேறு, ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

---

வெள்ளைப்பலகை:

எல்லோரும் புகார், விலகல் என்றே பேசுகிறீர்கள். விசாரணை முடியும் வரை அந்த எட்டுப் பேரும் திங்கட்கிழமை காலை உட்கார்ந்து வேலை செய்தாக வேண்டுமே. அதற்கும் வழி இருக்கிறது.

முதலில் கொள்ளளவுக் கணக்கைப் பலகையில் போடுங்கள். இரண்டு வார ஸ்பிரின்ட், எட்டுப் பேர் என்றால் 80 ஆள்நாள். ஆன்கால் (அவசரப் பழுது பார்க்க ஒதுக்கியவர்) ஒருவர், 10 போக 70. விடுப்பு 4 போக 66. திட்டமிடல், ரிவ்யூ, ரெட்ரோ, தினசரி நின்று பேசுவது என்று ஏழு பேருக்கும் சேர்த்து ஏறத்தாழ 9, மிச்சம் 57. பக் திருத்தமும் கோட் ரிவ்யூவும் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 11 போனால் 46. டெலிவரி ஹெட் தலையில் இருப்பது 80, உங்கள் கையில் இருப்பது 46. சண்டை பூராவும் இந்த 34இல்தான். இதை ஒவ்வொரு ஸ்பிரின்ட் தொடக்கத்திலும் அவருக்கும் அவருக்கு மேலே இருப்பவருக்கும் ஒரே பக்கத்தில் அனுப்புங்கள். "முடியாது" என்ற சொல் எங்கேயும் வர வேண்டாம். "46 இருக்கிறது, எதை நிரப்பட்டும்?" என்று கேளுங்கள்.

13 நாள் வேலையை 5 என்று கூட்டத்தில் சொல்லிவிட்டாரா, அங்கேயே மறுக்காதீர்கள். வாடிக்கையாளர் முன்னால் முகம் கெட்டவர் பிறகு பழிதீர்க்கத்தான் பார்ப்பார். அன்று மாலைக்குள் மூன்று வழிகளை எழுதி அனுப்புங்கள்: 5 நாளில் எந்தப் பகுதி மட்டும் வரும், 13 நாளில் முழுதும் எப்படி வரும், 5 நாளில் முழுதும் வேண்டுமென்றால் எந்தச் சோதனையைத் தவிர்க்கிறோம், அதனால் எது உடையலாம். மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் அது அவர் பெயரில் பதியும். பெரும்பாலும் முதலாவதையே எடுப்பார்கள், ஏனென்றால் உடைந்தால் தம் பெயர் என்று அப்போதுதான் தெரியும்.

"யாருடைய கமிட்?" என்பதற்கு ஒரே மருந்து, சம்பவ அறிக்கைக்கு ஒரு நிலையான வடிவம். நேரவரிசை (யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள், சென்னை ஆட்கள் குழம்ப மாட்டார்கள்), என்ன தெரிந்தது, என்ன செய்தோம், எந்தச் சோதனை இருந்திருந்தால் முன்பே பிடிபட்டிருக்கும், யார் எப்போதுக்குள் அதைச் சேர்ப்பார். தவறு செய்தவர் பெயருக்கென்று ஒரு கட்டமே அதில் இருக்கக் கூடாது. பெயரைத் தேடும் அணியில் என்ன நடக்கும் என்றால், நள்ளிரவில் சந்தேகம் வந்தவர் "நான் தொட்டதால்தானோ" என்று பயந்து அழைப்பு விடாமல் தனியாகச் சரி செய்யப் பார்ப்பார். பத்து நிமிடத்தில் ரோல்பேக் செய்து பழைய பதிப்புக்குத் திருப்பியிருக்க வேண்டியது இரண்டு மணி நேரம் இழுக்கும். இந்த வாதத்தை "மரியாதை" என்று சொல்லாமல் "மீட்பு நேரம்" என்று சொல்லி முன்வையுங்கள். அதிகாரம் உள்ளவர் காதில் அதுதான் ஏறும்.

5:30 அழைப்பு தேவையே இல்லை. சென்னை நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னே. நம் 9:30 அவர்களுக்கு மதியம் 1:00. நம் 8:30 முதல் 14:30 வரை என்றால் அங்கே 12:00 முதல் 18:00. ஆறு மணி நேரம் இரு பக்கமும் வேலை நேரத்துக்குள் விழுகிறது. காலண்டரில் 9:30க்கு ஒரு மாற்று அழைப்பை நீங்களே உருவாக்கி, சென்னை அணித் தலைவரின் சம்மதத்தையும் வாங்கி அனுப்புங்கள். அதற்கு மேலும் 5:30 தான் என்றால் அது வேலைக்காக வைத்த நேரம் இல்லை என்று நிரூபிக்க உங்களுக்கு ஒரு காகிதம் கிடைத்தது.

கோட் ரிவ்யூ ஏளனத்துக்கு, கருத்துகள் புல் ரெக்வெஸ்டில் (கோட் மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் பக்கம்) மட்டும், சேனலில் இல்லை என்ற ஒரு வரியை அணி ஒப்பந்தத்தில் சேருங்கள். 400 வரிக்கு மேற்பட்ட மாற்றத்தை இரண்டாகப் பிரியுங்கள். பெரிய மாற்றத்தில்தான் குத்திக்காட்ட இடம் கிடைக்கிறது.

---

மிட்ராண்ட்வாசி:

எல்லோருக்கும் நன்றி. இன்று அந்த இருவரில் ஒருவருக்கு பி.ஐ.பி. (கெடு வைத்துச் செயல்திறனை மேம்படுத்தச் சொல்லும் திட்டம்) வந்திருக்கிறது, 30 நாள், "குறியீட்டுத் தரம் (கோட் தரம்) மேம்பட வேண்டும்" என்று ஒரே வரி. அவர் கம்பெனிக்குள்ளேயே இடம் மாற்றிக்கொண்டு இங்கு வந்தவர். இன்னொருவர் கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் (நாட்டில் பற்றாக்குறையான திறமைகளுக்குத் தரும்) விசா. புகார் கொடுத்தால் விசாவை ரத்து செய்துவிடுவார்களா?

---

எல்லைக்கோடு:

கம்பெனியால் விசாவை ரத்து செய்ய முடியாது. அது உள்துறை அமைச்சின் அதிகாரம். கம்பெனியால் முடிவது வேலையை முடிப்பதும், முடிந்துவிட்டது என்று அங்கே தெரிவிப்பதும்தான். அந்த மிரட்டலில் பாதி வெறும் சத்தம். மீதிப் பாதி உண்மை என்பதால் இரண்டு பேரையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

கம்பெனிக்குள் மாறி வந்தவருடைய விசா அதிகபட்சம் 4 ஆண்டு, நீட்டிக்க முடியாது, அந்தக் குழுமத்துக்கு மட்டும்தான் வேலை செய்யலாம். வேறு கம்பெனியில் சேர வேறு வகை விசா வாங்க வேண்டும். அவருக்கு "ராஜினாமா செய், பிறகு பார்க்கலாம்" என்பது நடக்காத யோசனை. வேலை உத்தரவு, விண்ணப்பம், ஒப்புதல் எல்லாம் முடிந்த பிறகுதான் கடிதம் கொடுக்க வேண்டும். கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் காரர் கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் நிபந்தனை வரியைப் படிக்கட்டும். அதில் கம்பெனி பெயர் இருந்தால், புதிய இடத்தில் வேலை தொடங்கும் முன் வி.எஃப்.எஸ். (விசா விண்ணப்ப மையம்) வழியாக நிபந்தனை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதில் வரத் தாமதமாகும், அதைக் கணக்கில் வைத்துப் புதிய கம்பெனியிடம் சேரும் தேதி பேச வேண்டும். எந்த முகவரும் "பத்து நாளில் முடித்துத் தருகிறேன்" என்றால் நடையைக் கட்டுங்கள்.

இன்னொன்றும் உண்டு. விசா சரியில்லாதவருக்குத் தொழிலாளர் சட்டம் பொருந்தாது என்று சில முதலாளிகள் சொல்வார்கள். 2008இல் டிஸ்கவரி ஹெல்த் வழக்கில் தொழிலாளர் நீதிமன்றம் இதற்கு நேர்மாறாகத் தீர்த்தது: செல்லுபடியாகும் அனுமதி இல்லாமல் வேலை செய்தவரும் "ஊழியர்"தான், சி.சி.எம்.ஏ. அவர் வழக்கை எடுக்கலாம். முறையான விசாவோடு இருக்கும் நம் ஆட்கள் பயப்பட இதில் ஒன்றுமில்லை.

---

முத்திரைத்தாள்:

பி.ஐ.பி. பற்றி. திறன் குறைவுக்காக நீக்குவதென்றால் முதலாளி என்ன அளவுகோல் என்று முன்பே சொல்லியிருக்க வேண்டும், வழிகாட்டியிருக்க வேண்டும், திருந்தப் போதிய அவகாசம் தந்திருக்க வேண்டும். "குறியீட்டுத் தரம்" என்ற ஒரு வரி எந்த அளவுகோலும் ஆகாது. கையெழுத்துக் கேட்டால் "பெற்றுக்கொண்டேன், உள்ளடக்கத்தை ஏற்கவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போடட்டும். மறுத்துவிட்டு எழுந்து போக வேண்டாம், கீழ்ப்படியாமை என்று புதிதாக ஒன்று கிளம்பும். மறுநாளே எழுத்தில் கேட்க வேண்டியவை: எந்த புல் ரெக்வெஸ்டுகள், எந்த அளவு (ஒரு வெளியீட்டுக்கு எத்தனை பக், சோதனை எத்தனை சதவீதம்), யார் உதவுவார், எந்தத் தேதிகளில் இடைப்பரிசீலனை. ஒவ்வொரு வாரமும் தாமே ஒரு முன்னேற்ற மின்னஞ்சல் அனுப்பட்டும்.

அவர் முறையீடு கொடுத்த பிறகு பி.ஐ.பி. வந்ததா, முன்பா என்பது மிக முக்கியம். சட்டம் தந்த உரிமையைப் பயன்படுத்தியதற்காக நீக்கினால் அது தானாகவே நியாயமற்ற பணிநீக்கம், இழப்பீட்டு உச்ச வரம்பு 24 மாதமாக ஏறும். முறையீடு இன்னும் போகவில்லை என்றால் இன்றைக்கே போகட்டும், அதில் பி.ஐ.பி. தேதியையும் மறைக்காமல் எழுதட்டும்.

தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்றால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போகாவிட்டால் சான்றிதழ் கேட்கலாம் என்பது சட்டம், ஒரு நாளானாலும் வாங்கி வைப்பது நல்லது. எஸ்.ஏ.டி.ஏ.ஜி. என்ற மனநல அமைப்பின் தொலைபேசி உதவி இலவசம். கம்பெனி தரும் ஆலோசனைச் சேவையை விட வெளியில் பேசுவது சிலருக்கு எளிது.

---

மிட்ராண்ட்வாசி:

முறையீடு நாளை காலை போகிறது, மூன்று பேர், தனித்தனிக் கடிதம். கடைசியாக ஒன்று: பின்னால் 7.11 படிவம் போக நேர்ந்தால் நகலை மின்னஞ்சலில் அனுப்பினால் போதுமா, பதிவுத் தபால்தான் வேண்டுமா?

---

முத்திரைத்தாள்:

மின்னஞ்சல் போதும். கம்பெனியின் அதிகாரபூர்வ ஹெச்.ஆர். முகவரிக்கு, உங்கள் சொந்த மின்னஞ்சலிலிருந்து, படிவத்தை இணைத்து அனுப்புங்கள். தேதியும் நேரமும் பெறுநர் முகவரியும் தெரியும்படி அந்த மின்னஞ்சலை பி.டி.எஃப். ஆக்கி 7.11உடன் சேருங்கள். நேரில் கொடுத்தால் பெற்றவரின் பெயர், கையெழுத்து, தேதி மூன்றும் நகலில் இருக்க வேண்டும். முதலாளியின் பெயரைச் சம்பளச் சீட்டில் இருப்பது போலவே எழுதுங்கள், வாசலில் தொங்கும் பிராண்டுப் பெயரை எழுதாதீர்கள். தவறான பெயரில் போட்டதால் முதல் நாளே ஒத்திவைக்கப்பட்ட வழக்குகள் உண்டு.